பிள்ளை பேசும் தமிழையும் சேர்த்து எண்ணுங்கள்

பாலர் பள்ளியில் ஒரு பிள்ளையின் வளர்ச்சி சற்றுப் பின்தங்குவதாகத் தெரிந்தால், அதைக் கவனிப்பதற்கென்றே அந்தப் பள்ளியில் ஒருவர் இருக்கவேண்டும். 2023ஆம் ஆண்டின் இரண்டாம் பாதியிலிருந்து சிங்கப்பூரில் இது நடைமுறை. அதற்கு முன்பே, 2019ஆம் ஆண்டு தொடக்கநிலை 1க்குச் செல்லவிருந்த பிள்ளைகளிலிருந்து, மிதமான அல்லது கடுமையான சிறப்புத் தேவையுடையவர்களும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். முன்பெல்லாம் “பள்ளிக்கூடம் போனால் சரியாகிவிடும்” என்று ஆறு வயது வரை தள்ளிப்போட்ட விஷயம், இப்போது இரண்டு மூன்று வயதிலேயே பேச்சுக்கு வருகிறது.

நல்லதுதான். ஆனால் பிள்ளையை எப்படி அளக்கிறார்கள், எந்த மொழியில் அளக்கிறார்கள் என்ற கேள்வியைத் தமிழ்க் குடும்பங்கள் போதுமான அளவு கேட்பதில்லை. தேக்கா சந்தையிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள பிள்ளை வளர்ச்சிப் பிரிவுக்குத் தமிழ்க் குடும்பங்களும் போகின்றன. முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு வரும் பெற்றோரிடம் “என்ன சோதித்தார்கள்?” என்று கேட்டால், “டெஸ்ட் எடுத்தாங்க, டிலேன்னு சொன்னாங்க” என்பதற்குமேல் பலருக்கும் சொல்லத் தெரிவதில்லை.

‘டெஸ்ட்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யும் மேலோட்டமான சோதனை. யாரை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கவேண்டும் என்று சல்லடையில் சலிப்பது போன்றது அது. இரண்டாவது, சல்லடையில் நின்ற பிள்ளையை மருத்துவரும் சிகிச்சையாளரும் உட்கார்ந்து முழுமையாக மதிப்பிடுவது. மூன்றாவது, சிறப்புக் கல்வி ஆதரவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளை முன்னேறுகிறதா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பது. முதலாவதன் முடிவை இரண்டாவதன் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு அழுகிற தாய்மார் உண்டு. இரண்டாவதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து மூன்றாவதைக் கவனிக்காமல் விடுகிற குடும்பங்கள் அதைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

சல்லடை நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. பிள்ளை பிறந்தவுடன் தரப்படும் சுகாதாரக் கையேட்டில், தடுப்பூசிப் பக்கத்தோடு வளர்ச்சிப் பட்டியல் ஒன்றும் உண்டு. பிறந்த சில வாரங்களில் தொடங்கி நான்கு முதல் ஆறு வயது வரை, பலதுறை மருந்தகத்துக்குப் போகும்முன் பெற்றோரே நிரப்பவேண்டிய பட்டியல் அது. இதன் வேர் அமெரிக்காவின் டென்வர் நகரில் 1967ல் வெளிவந்த ஒரு சோதனை. பழகும் விதம், விரல்களின் நுண்வேலை, மொழி, உடல் அசைவு என நான்கு வரிசைகளில் பிள்ளையைப் பார்க்கும் முறை அது. அதை அப்படியே இங்கே பயன்படுத்தினால் சரிவராது என்று உள்ளூர் மருத்துவர்கள் சிங்கப்பூர்ப் பிள்ளைகளை வைத்தே சோதித்து, வயது எல்லைகளைத் திருத்தி, 1994ல் சிங்கப்பூர் மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். பட்டியலில் ஒரு செயலுக்கு நேரே போட்டிருக்கும் வயது, பத்தில் ஒன்பது பிள்ளைகள் அதைச் செய்துவிடும் வயது. அந்த வயதில் நம் பிள்ளை செய்யாவிட்டால் குறைபாடு என்று அர்த்தமல்ல. காத்திருக்காமல் காட்டவேண்டும் என்று அர்த்தம். பலர் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் மருந்தகத்தில் முறை வரும்போது அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று போட்டுவிடுகிறார்கள்.

ஒரு அமெரிக்கப் பட்டியலைச் சிங்கப்பூருக்கு ஏற்பத் திருத்த வேண்டியிருந்தது என்றால், சிங்கப்பூருக்குள்ளேயே தமிழ் பேசும் வீட்டுக்கு அதை எப்படிப் படிப்பது?

பழைய டென்வர் பட்டியலில், பிள்ளை பன்மையைப் பயன்படுத்துகிறதா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பந்துக்கு ஒரு சொல், இரண்டு பந்துக்கு முடிவில் ஓர் ஒலி கூடும். நம் வீட்டில் என்ன சொல்கிறோம்? “ரெண்டு பந்து” என்கிறோம். பெரியவர்களே “ரெண்டு பந்துகள்” என்று வீட்டில் பேசுவதில்லை. பிள்ளை “ரெண்டு பந்து” என்றால் அது சரியான தமிழ். அதை ஆங்கில அளவுகோலால் அளந்தால் தவறு.

இரண்டு வயதையொட்டி இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவேண்டும் என்பது எல்லாப் பட்டியல்களிலும் வரும் முக்கியமான கட்டம். ஆங்கிலத்தில் சொற்களை எண்ணினால் போதும். தமிழில் அப்படியல்ல. “வரமாட்டேன்” என்று இரண்டு வயதுப் பிள்ளை கால் உதைத்துச் சொன்னால் அது ஒரே சொல். ஆனால் அதற்குள் வருவது, மறுப்பது, அதைச் செய்வது நான்தான் என்பது என மூன்றும் அடங்கியிருக்கின்றன. “பாட்டிக்கு” என்றால் யார், யாருக்கு என்ற இரண்டும் வந்துவிடுகின்றன. நம் மொழி சொல்லின் வாலில் பொருளை ஏற்றும் மொழி. அதனால் தமிழ்ப் பிள்ளையின் பேச்சை எண்ணும்போது சொற்களை மட்டும் எண்ணினால் கணக்கு குறைந்துதான் வரும், வாலையும் எண்ணவேண்டும். “மில்க் வேணும்” என்று பிள்ளை சொன்னால் அதுவும் இரண்டு சொல் வாக்கியம்தான். ஒரு சொல் ஆங்கிலம், ஒரு சொல் தமிழ் என்பதால் அது அரை மதிப்பெண் ஆகிவிடாது.

சொல்வளமும் அப்படியே. பாலர் பள்ளியில் ‘ஷூ’, ‘பஸ்’, ‘சர்க்கிள்’. பாட்டியிடம் ‘செருப்பு’, ‘சோறு’, ‘காக்கா’. ஆங்கிலத்தில் முப்பது சொல், தமிழில் நாற்பது சொல் தெரிந்த பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் முப்பது சொல் பிள்ளையாகத்தான் தெரியும். இரண்டு மொழியிலும் சேர்த்து எத்தனை பொருள்களுக்குப் பிள்ளையிடம் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதே சரியான முறை என்று இருமொழிப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் 1990களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். அறைக்குள் இருக்கும் சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்த நாற்பதை யார் எண்ணுவது? அதை எண்ணக்கூடியவர் வீட்டில் இருக்கிறார், பெரும்பாலும் பாட்டிதான். ஆனால் மருத்துவமனைக்கு அம்மாவும் அப்பாவும் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாட்டி ஈசூனிலோ உட்லண்ட்சிலோ வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறார்.

மொழியைக் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசிய மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை செய்து, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று தனி வகுப்பில் போட்டார்கள். ஒன்பது பிள்ளைகளின் சார்பில் வழக்கு போடப்பட்டது. ‘டயானா வழக்கு’ என்று அதைச் சொல்வார்கள். பிள்ளைகளை அவர்களுடைய மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்கு மேலே வந்துவிட்டார்கள். 1970ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பிள்ளையை அதன் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும் என்பது பின்னர் அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்திலேயே இடம்பெற்றது.

இதைப் படித்துவிட்டு, “அப்படியென்றால் நம் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை, மொழிதான் காரணம்” என்று ஒரு பெற்றோர் மூச்சு விட்டால், இந்தக் கட்டுரை நல்லதைவிடக் கெடுதலே செய்திருக்கும். ஏனென்றால் நம் சமூகத்தில் அதிகம் நடக்கும் தவறு அதற்கு நேர் எதிரானது.

“அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினார்.” “ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்.” “வீட்டுல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ், பணிப்பெண்கிட்ட வேற பாஷை, பிள்ளை குழம்பிப்போச்சு.” தீமிதித் திருநாளுக்குக் கூடியிருக்கும் உறவினர் கூட்டத்தில் இந்த வாக்கியங்களைக் கேட்காதவர் இல்லை. எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆனால் அன்பில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் ஓராண்டைத் தின்றுவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. உண்மையான மொழித் தாமதம் பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் பின்தங்கி, பாட்டியிடம் தமிழில் வாயாடும் பிள்ளைக்கு ஆங்கிலம் போதுமான அளவு காதில் விழவில்லை, அவ்வளவுதான். இரண்டிலும் பின்தங்கினால் அதற்கு இருமொழி காரணமல்ல. இருமொழிச் சூழல் பிள்ளைக்குப் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை.

மொழியே தேவைப்படாத அடையாளங்களும் இருக்கின்றன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? வானத்தில் விமானம் போனால் விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறதா? வேண்டியதைக் கேட்பதற்காகச் சுட்டுவது வேறு, “பாருங்க” என்று பகிர்வதற்காகச் சுட்டுவது வேறு. கவனிக்க வேண்டியது இரண்டாவதை. ஆட்டிசத்துக்கான முதற்கட்டச் சோதனைகளில் உலகெங்கும் பயன்படும் ‘எம்-சாட்’ பட்டியல், 16 முதல் 30 மாதப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகளில் இவற்றையும் கேட்கிறது. விரல் நீட்டுவதற்குத் தமிழும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். அது இல்லையென்றால் ‘மொழிக் குழப்பம்’ என்ற சமாதானம் செல்லாது. அதே சமயம், அந்தப் பட்டியலும் ஒரு சல்லடைதான். அதில் கூடுதல் மதிப்பெண் வந்தால் மறுபடி விரிவாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். இணையத்தில் இரவு பதினொரு மணிக்கு நிரப்பிவிட்டுத் தாங்களே முடிவுகட்டுவதற்காக அது எழுதப்படவில்லை.

இனி மூன்றாவது வேலைக்கு வருவோம்.

மருத்துவமனையின் பரிந்துரையோடு பிள்ளை ‘எபிக்’ எனப்படும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தில் சேர்கிறது. இந்தத் துறை கடந்த பல ஆண்டுகளாக விரிந்துகொண்டே வந்திருக்கிறது. லேசான தாமதமுள்ள பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளியிலேயே உதவும் திட்டம் 2012ல் வந்தது. 2019 ஜூலையில் கட்டணங்கள் குறைக்கப்பட்டன. இரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோருடன் சேர்ந்து கற்கும் திட்டமும், தேறிவரும் பிள்ளைகளைப் பாலர் பள்ளிக்கு மாற்றி அங்கேயே ஆதரவளிக்கும் திட்டமும் அப்போதுதான் வந்தன. இடையில் 2016ல் ‘கிண்டல் கார்டன்’ என்ற பாலர் பள்ளியை ‘ஆவா’ அமைப்பு திறந்தது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே வகுப்பில் உட்காரும் பள்ளி அது.

நிலையத்தில் சேர்ந்தபின் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்பட்ட கல்வித் திட்டம் ஒன்று எழுதப்படும். குறிப்பிட்ட மாதங்களுக்குள் பிள்ளை என்னென்ன செய்யவேண்டும் என்ற இலக்குகள் அதில் இருக்கும். காலம் முடிந்ததும் பெற்றோரை அழைத்துப் பரிசீலிப்பார்கள். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட இங்கே இடமில்லை. ஆறு மாதத்துக்கு முன்பிருந்த அதே பிள்ளையோடுதான் ஒப்பீடு. என் பார்வையில் எல்லா அளவீடுகளிலும் பெற்றோரின் குரலுக்கு அதிக மதிப்புள்ளது இதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில்தான் நம்மவர்கள் மிகவும் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். “டீச்சருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது” என்ற மரியாதை!

ஆசிரியருக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. ‘படத்தைக் காட்டினால் பெயர் சொல்லவேண்டும்’ என்ற இலக்கைப் பிள்ளை நிலையத்தில் எட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அதே பிள்ளை காலெண்டரில் இருக்கும் முருகனைக் காட்டி “சாமி” என்கிறது, மயிலைக் காட்டினால் “மயில்” என்கிறது. இது ஆசிரியர் அறியவேண்டிய செய்தி. பிள்ளைக்குப் பெயர் சொல்லும் திறன் வந்துவிட்டது. இன்னும் வராதது அந்த ஆங்கிலச் சொல் மட்டும். இலக்கையே மாற்றி எழுதவேண்டிய விஷயம் இது. கைத்தொலைபேசியில் அரை நிமிடம் படம்பிடித்து எடுத்துச் சென்றால் போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிள்ளைகள் தங்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்கிறார்களா என்று பார்ப்பதற்கான கேள்விகள் பிள்ளையிடம் கேட்கப்படுவதில்லை, பராமரிப்பவரிடம் கேட்கப்படுகின்றன. கரண்டியால் தானே சாப்பிடுகிறதா? சட்டை போட்டுக்கொள்கிறதா? கழிவறைக்குச் சொல்லிவிட்டுப் போகிறதா? அமெரிக்காவின் டென்வர் பட்டியலில், கிண்ணத்தில் சீரியலைத் தானே போட்டுத் தயார்செய்கிறதா என்றுகூட ஒரு கேள்வி உண்டு. நம் வீட்டில் நாலு வயதுப் பிள்ளைக்கு நிலாக் காட்டாவிட்டாலும் யூடியூப் காட்டியாவது பிசைந்து ஊட்டுகிறோம். சட்டைப் பொத்தானை அம்மா போடுகிறார், காலணியைப் பணிப்பெண் மாட்டுகிறார். “செய்வதில்லை” என்று பதில் சொல்கிறோம். தாளில் அது ‘செய்ய முடியவில்லை’ என்று விழுகிறது. செய்ய முடியாத பிள்ளைக்கும், செய்ய விடாத பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண். கேட்பவர் நல்ல அனுபவசாலியாக இருந்தால் “செய்ய வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தீர்களா?” என்று கேட்பார். கேட்காவிட்டாலும் நாமே சொல்லலாம். இன்னும் நல்லது, நான்கு வாரம் பொத்தானைப் பிள்ளையையே போடவிட்டு, காலை அவசரத்தைச் சற்றுத் தாங்கிக்கொண்டு, பிறகு பதில் சொல்வது.

இவையெல்லாம் சின்ன விஷயங்களாகத் தெரியலாம். ஆனால் இந்தத் தாள்கள்தான் ஆறு வயதில் பெரிய முடிவுக்குப் போகின்றன. பிள்ளை வழக்கமான தொடக்கப்பள்ளிக்குப் போவதா, 20க்கும் மேற்பட்ட சிறப்புக் கல்விப் பள்ளிகளில் ஒன்றுக்குப் போவதா என்று தீர்மானிக்கும் நேரத்தில் உளவியல் வல்லுநரின் மதிப்பீடும், அன்றாடத் திறன் பற்றிய பதில்களும், நிலையத்தின் முன்னேற்ற அறிக்கையும் மேசைமேல் இருக்கும். சிறப்புக் கல்விப் பள்ளியை ஏதோ தோல்வி போல் பார்க்கும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது வீண் வருத்தம். பொருத்தமான பள்ளியில் பிள்ளை பேருந்து ஏறவும், பணம் எண்ணவும், வேலைக்குப் போகவும் கற்றுக்கொள்கிறது. இங்கே கேள்வி எது உயர்ந்த பள்ளி என்பதல்ல. முடிவுக்கு அடிப்படையான தாள்களில் இருப்பது முழுப் பிள்ளையா, ஆங்கிலம் பேசும் பாதிப் பிள்ளையா என்பதே.

“இனிமேல் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்ற அறிவுரை இன்னும் காதில் விழுகிறது. சில சமயம் உறவினர் சொல்கிறார், சில சமயம் படித்தவர்களே சொல்கிறார்கள். இதற்கு ஆதாரம் இல்லை. கனடாவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளை ஆராய்ந்து 2005ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தில், ஒரே மொழி கேட்டு வளர்ந்தவர்களைவிடப் பின்தங்கவில்லை என்று தெரிந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளும் அதே திசையில்தான் பேசுகின்றன. தாத்தா பாட்டிக்குச் சரளமாக வராத மொழியில் அவர்களைப் பேசச் சொன்னால் என்ன நடக்கும்? பேச்சு குறையும். “வா, போ, சாப்பிடு” என்ற அளவில் நின்றுவிடும். பேச்சு தாமதமான பிள்ளைக்கு அதிகம் தேவைப்படுவது பேச்சு. அதைக் குறைத்துக் கொடுத்துவிட்டு மாதந்தோறும் சிகிச்சைக்குப் பணம் கட்டுவதில் என்ன கணக்கு?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. இந்த அளவுள்ள ஒரு மொழிக்கு ஒவ்வொரு நிலையத்திலும் தமிழ் பேசும் பேச்சு சிகிச்சையாளர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதுமில்லை. மற்ற இடங்களில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். திருவனந்தபுரத்தில் 1991ல், இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடி ஊழியரே சில நிமிடங்களில் பார்த்துவிடக்கூடிய 17 அம்சப் பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981லிருந்து இயங்கும் அமர் சேவா சங்கம், கிராமத்து ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பதிவுசெய்ய ஒரு செயலியையே வைத்திருக்கிறது. தென்காசிப் பட்டியலை அப்படியே தெம்பனிசுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே ‘மாடு’ வரும் இடத்தில் இங்கே ‘எம்ஆர்டி’ வரும். ஆனால் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளை இரண்டு வயதில், மூன்று வயதில் என்னென்ன சொற்கள் பேசுகிறது என்று பேச்சுத் தமிழில், ஆங்கிலக் கலப்போடு ஒரு பட்டியல் தயாரிப்பது நம்மால் முடியாத வேலையல்ல. நம்மிடம் தமிழ் பாலர் பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பீட்டி சாலையில் சிண்டா இருக்கிறது, பல்கலைக்கழகங்களில் இதைப் படிக்கும் இளையர்கள் இருக்கிறார்கள். மொழி விழாக்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கு இதற்குப் போனால் நல்லது. பட்டியல் எழுத்துத் தமிழில் வேண்டாம் என்பது என் வேண்டுகோள். “உங்கள் குழந்தை பொருள்களைச் சுட்டிக்காட்டுகின்றதா” என்று கேட்டால் பாதிப் பாட்டிகள் யோசிப்பார்கள். “கை நீட்டிக் காட்டுதா” என்று கேட்டால் உடனே பதில் வரும்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மருத்துவமனைச் சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே மொழிபெயர்ப்புக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்டுவையுங்கள். அன்று காலை கேட்டால் கிடைப்பது கடினம். பிள்ளையோடு பகல் முழுக்க இருப்பவர் யாரோ அவரை அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால், பிள்ளை வீட்டில் சொல்லும் தமிழ்ச் சொற்களை ஒரு வாரம் தாளில் குறிக்கச் சொல்லி அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். அறிக்கை வந்ததும் ஒரே ஒரு கேள்வி: “இதில் என் பிள்ளையின் தமிழ் எங்கே இருக்கிறது?” சண்டைக்காரக் கேள்வியல்ல. நல்ல வல்லுநருக்கு இது பிடித்த கேள்வியாகவே இருக்கும், ஏனென்றால் விடுபட்டதை அவரும் தெரிந்துகொள்ள விரும்புவார்.

பிறகு, படிவங்களில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். பலர் அதில் ‘ஆங்கிலம்’ என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். அதுதான் எதிர்பார்க்கப்படுகிறது என்ற எண்ணமாக இருக்கலாம். அந்தக் கட்டம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள்: காலையில் பாட்டியோடு தமிழ், பகலில் பள்ளியில் ஆங்கிலம், மாலையில் பணிப்பெண்ணோடு கொஞ்சம் மலாய், இரவில் அப்பாவோடு இரண்டும் கலந்து.